அத்திப்பள்ளியில் ஒரு டேப்

ஓடுகிற உலகத்தை ஒரு சொல்லில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட வைக்கிற சக்தி கடவுளுக்கு உண்டா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஓசூர் தொழிற்பேட்டையில் டேப்பண்ணாவுக்கு உண்டு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளக் கவரில்கூட நான் அதைக் கவனித்துப் படித்ததில்லை. கேட் செக்யூரிட்டி முதல் கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் டேப்பண்ணாதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் டைம் ஆபீசில் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பது என் பாடு. டேப்பண்ணா பக்கத்துக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எல்லையோரத்துத் தளி ஊர்க்காரர். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் யோசித்து, கன்னடத்தில் திட்டி முடிப்பார். கம்ப்யூட்டர் ரூமில் ஏ.சி. என்பதால் சித்திரை மாதத்திலும் பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். கழுத்தில் மப்ளர். வெயிலில் நடந்து வருகிறவரைப் பார்த்தால் நமக்கு வேர்க்கும்.

எதையும் அப்படியே பத்திரப்படுத்தி வைக்காமல் அவரால் ஓர் அடி நகர முடியாது. மதியம் கேன்டீனில் கேரம் ஆடுவோம். மணி அடித்ததும் மற்றவர்கள் காய்களை வழித்துப் பெட்டியில் போடுவார்கள். டேப்பண்ணா விடமாட்டார். ஒரு தாளில் போர்டை வரைந்து, எந்தக் காய் எங்கே என்று புள்ளி வைத்து, யார் அடிக்க வேண்டிய முறை என்று எழுதி, நாலு பேரிடமும் கையெழுத்து வாங்குவார். மறுநாள் அதைப் பார்த்துக் காய்களை அடுக்கிவிட்டுத்தான் ஆட்டம். ஒரு முறை எலக்ட்ரீஷியன் ஒருவர் சிவப்புக் காயை விரல் அகலம் தன் பக்கம் நகர்த்திவிட்டார். டேப்பண்ணா தாளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி போர்டுல பூகம்பம் வந்துச்சுங்களா?" என்றார்.

முடி வெட்டப் போனாலும் அதே கதைதான். மத்திகிரி சலூனுக்குத் தன் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு போவார். "இந்த நெலமைக்குக் கொண்டாந்துடுங்க" என்பார். சலூன்காரர் போட்டோவையும் டேப்பண்ணாவின் நெற்றியையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"சுத்தி இருக்கறத வெட்டித் தரேன் சார். முன்னாடி இருந்ததை நான் எங்க போயித் தேடறது?"

எல்லாவற்றுக்கும் சிகரம் அவருடைய டைரி. வீட்டில் சண்டை வந்தாலும் அவருக்கு ஷிப்ட் பஸ் முக்கியம். மனைவி கௌரம்மா உச்சத்தில் இருக்கும்போது கையைக் காட்டி நிறுத்துவார். கடைசியாக யார் என்ன சொன்னார் என்று டைரியில் குறித்துக்கொள்வார். சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, டீ குடித்துவிட்டு, டைரியைப் பிரித்து, "நீ எங்கம்மாவைப் பத்திச் சொல்லிட்டிருந்த. ம், சொல்லு" என்பார். கௌரம்மாவுக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிடும். எத்தனையோ வருடம் அந்தக் குடும்பம் அந்த டைரியால்தான் ஓடியது என்று நினைக்கிறேன்.

இனி மெஷினுக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் முதலில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. மூன்று பீரோ அகலம். எல்லோருக்கும் ஷிப்ட் லிஸ்ட் போடுவது அதன் வேலை. அதற்கு வயதாகி மூச்சு நின்றபோது சின்னதாகப் புதிது ஒன்று வாங்கினார்கள். பழைய புரோகிராம் புதியதில் ஓட மறுத்தது. அதை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கடைசியில் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இன்ஜினீயர், புதிய மெஷினுக்குள்ளேயே பழைய மெஷினைப் போல நடிக்கிற இன்னொரு மெஷினை உண்டாக்கினார். அதற்கு உடம்பு கிடையாது, ஒயர் கிடையாது. ஆனால் பழைய புரோகிராம் அதைத் தன் சொந்த வீடு என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக ஓடியது. வர்ச்சுவல் மெஷின் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாயில் அது உள்மெஷின் ஆகிவிட்டது.

உள்மெஷின் வந்த நாளிலிருந்து டேப்பண்ணாவின் முகமே மாறிவிட்டது. ஏனென்றால் அதை அப்படியே நிறுத்தலாம். பாதிக் கணக்கில், பாதி நினைப்பில், எப்படி இருக்கிறதோ அப்படியே உறைய வைத்து, முழுசாக டேப்பில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் நின்று, "உள்மெஷின் தூங்கப் போவுது! யாரும் ஒண்ணும் தட்டாதீங்க!" என்று குரல் கொடுப்பார். ஒருவர் பெயரில் பாதியை அச்சடித்துவிட்டு பிரின்டர் நிற்கும். டேப் சுற்றும். அரை மணி கழித்து எழுப்பியதும் மீதிப் பாதிப் பெயரை அடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பெயருக்குப் போகும்.

அந்த அரை மணி நேரத்தில் பல நாள் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜில்லென்ற தரை. கண்ணாடிக்கு வெளியே மார்கழிப் பனி மத்தியானம் ஆகியும் விலகாமல் யூகலிப்டஸ் மரங்களின் நடுவே நிற்கும். டேப் சுற்றுகிற சத்தத்தில் நம் கண்ணும் சொருகும். டேப்பண்ணா மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார்.

"இப்ப அதுக்கு நேரம்னே ஒண்ணு கெடையாதுப்பா. நமக்குத்தான் ஒரு மணி, ஒண்ணரை மணி. அது கண்ண மூடித் தெறக்கும், அவ்ளோதான். பத்து வருசம் கழிச்சு இந்த டேப்பை மாட்டி எழுப்புனாலும் இன்னிக்கித் தேதியிலதான் முழிக்கும். நாமல்லாம் கெழவனாகி நிப்போம். அது, 'என்னண்ணா, சாப்பிட்டு வந்துட்டீங்களா?'ன்னு கேக்கும்."

இப்படி எடுத்த டேப்பை ஒரே இடத்தில் வைப்பதா? மூன்று இடம். ஒன்று கம்ப்யூட்டர் ரூமில். ஒன்று மத்திகிரியில் அவர் வாடகை வீட்டில். ஒன்று கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில், மாமனார் வீட்டில். அது ஏன் அங்கே என்று மேனேஜரே ஒருமுறை கேட்டார்.

"ஓசூர்ல தீப்பிடிச்சா மத்திகிரிக்கும் வரும் சார். அத்திப்பள்ளின்னா வேற ராஜ்ஜியம். வேற கரன்ட் ஆபீசு, வேற போலீசு. ரெண்டு கவர்மென்டும் ஒரே நாள்ல தப்பு பண்ண மாட்டாங்க சார்" என்றார்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை எடுத்த டேப்பை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஒருமுறை செக்போஸ்டில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வட்டமான டப்பா, உள்ளே கறுப்பு நாடா. அதிகாரி அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக் கதாநாயகியைத் தேடினார்.

"எந்தப் படம் இது?"

"படம் இல்லீங்க. மெஷினு."

"மெஷினா? இவ்வளவு சின்னதா?"

"ரெண்டும் சேந்தா முழு மெஷினுங்க. இப்போ தூங்குது. கொஞ்சம் பாத்துப் புடிங்க."

அவரை விடுவிக்க மேனேஜர் லெட்டர் எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. அத்திப்பள்ளியில் மாமனார் அந்த டப்பாக்களைப் பூஜை அலமாரியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் இட்டிருந்தார். மாப்பிள்ளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயபக்தியோடு கொண்டுவந்து வைப்பது சாமி சமாச்சாரம் அல்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

வினை வந்தது மத்திகிரி வீட்டு டேப்புகளால். ஈரம் படக்கூடாது, தூசி படக்கூடாது என்று அவற்றை இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்தார். டேப் பெருகப் பெருகப் புடவைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஒரு திங்கட்கிழமை காலை கௌரம்மா தன் முகூர்த்தப் புடவையை அரிசி டிரம்மிலிருந்து வெளியே எடுத்தார். அதன் ஜரிகையில் இரண்டு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

கௌரம்மா கணவரைக் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்த 'ரீ' தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

"ரீ! ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் இங்க எடம் இருக்குது. இந்த வூட்ல எனக்கு எடம் எங்க இருக்குது?"

டேப்பண்ணா கடிகாரத்தைப் பார்த்தார். டைரியை எடுத்தார். அந்தக் கேள்வியை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டார். "சாயங்காலம் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சாயங்காலம் வீட்டில் கௌரம்மா இல்லை. அத்திப்பள்ளிக்குப் போய்விட்டார். பீரோவில் டேப்புகளும் இல்லை. மொட்டை மாடியில் வடகம் காய்கிற பாயில், நாள் முழுக்க வெயில் குடித்து நெளிந்து கிடந்தன.

அந்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. கேரம் போர்டில் அவர் முறை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டில் கௌரம்மா வைத்துவிட்டுப் போன டம்ளரைக்கூட அவர் நகர்த்தவில்லை. பீரோவைத் துடைத்து, புடவைகளை எல்லாம் உதறி மடித்து உள்ளே அடுக்கிவிட்டார். வீட்டுக்கு டேப் எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டார். போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்டேன். "அவ கேட்டுட்டுப் போன கேள்விக்கு நான் பதில் சொல்லணும்பா. என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். சாப்பாட்டு மணிக்கு உள்மெஷினைத் தூங்க வைக்கிற குரல் மட்டும் வழக்கம்போல் கேட்டது. அதிலும் சுருதி குறைந்திருந்தது.

கௌரம்மா போய்ப் பதினோரு நாள் ஆன வெள்ளிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் ரூமில் ஏ.சி. குழாய் உடைந்தது. தண்ணீர் மெஷினுக்குள் இறங்கி டிஸ்க் போனது. கீழ்த்தட்டில் இருந்த டேப்புகள் எல்லாம் நனைந்தன. ஸ்டோரில் இருந்த இன்னொரு டிஸ்க்கை டேப்பண்ணா ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். வெளி மெஷின் எழுந்துகொண்டது. ஆனால் உள்மெஷின் உலகத்திலேயே இப்போது ஓரிடத்தில்தான் இருந்தது. அத்திப்பள்ளிப் பூஜை அலமாரியில், குங்குமப் பொட்டோடு.

"சாயங்காலத்துக்குள்ள ஷிப்ட் லிஸ்ட் வரணும். இல்லேன்னா திங்கக்கிழமை மூணு ஷிப்ட்டும் ஒரே நேரத்துல கேட்ல வந்து நிக்கும்" என்று மேனேஜர் கத்தினார். என்னையும் துணைக்கு அனுப்பினார். எனக்கு லிஸ்ட் வேண்டும். டேப்பண்ணாவுக்குக் கௌரம்மா வேண்டும். இருவரும் கிளம்பினோம்.

அன்றைக்குப் பார்த்து எல்லையில் ஏதோ பந்த். எங்கள் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. மீதி நடை. எப்போதும் லாரியாக ஓடுகிற ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. லேசாகத் தூறல். ரோட்டின் நடுவில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஊரையே யாரோ உறைய வைத்த மாதிரி இருந்தது. டேப்பண்ணா டைரியைப் பிரிப்பதும் மூடுவதுமாக நடந்தார்.

மாமனார் வாசலில் நின்றிருந்தார். "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தார். கௌரம்மா கதவோரம் வந்து நின்றார். பதினோரு நாளில் கொஞ்சம் இளைத்திருந்தார்.

டேப்பண்ணா டைரியைப் பிரித்தார்.

"அன்னிக்கி நீ, 'இந்த வூட்ல எனக்கு எடம் எங்க இருக்குது'ன்னு கேட்ட. அதோட நிறுத்தினோம்" என்றார்.

கௌரம்மா டைரியை எட்டிப் பார்த்தார். "பதில் எழுதி வச்சிருக்கீங்களா?"

டேப்பண்ணா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது. "இல்ல" என்றார்.

"ஒங்க டேப்பு அலமாரியில இருக்குது. எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கௌரம்மா உள்ளே போய்விட்டார்.

டேப்போடு திரும்பி நடக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏண்ணா, பீரோவுல டேப் வைக்கறதை நிறுத்திட்டீங்கல்ல? புடவை எல்லாம் உள்ள அடுக்கி வச்சீங்கல்ல? அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

டேப்பண்ணா நடு ரோட்டில் நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். "அது டைரில எழுதலியேப்பா" என்றார். அடிக்கலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து டேப்பை மாட்டினார். சுற்றியது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பாதி தூரம் போய் நின்றது. திரையில் ஒரு வரி வந்தது. இரண்டாவது டேப்பை மாட்டு என்றது.

உள்மெஷின் ஒரு டேப்பில் அடங்காது. இரண்டு டேப் சேர்ந்ததுதான் ஒரு முழு மெஷின். ஆபீஸ் பியூனுக்கும் இது தெரியும். டேப்பண்ணா மஞ்சப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். டைரிதான் விழுந்தது.

"ரெண்டாவது எங்கய்யா?" என்றார் மேனேஜர்.

"மறந்துட்டேன் சார்."

அந்த ரூமில் யாரும் கேட்டிராத சொல் அது. மேனேஜர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டேப்பண்ணா மப்ளரைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிளம்பத் தயாரானபோது கேட்டிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"கம்ப்யூட்டர் ரூமுங்களா? டேப்பண்ணா வூட்டம்மா வந்திருக்குது. கையில ஏதோ டப்பா வச்சிருக்குது. யாருகிட்டயும் தர மாட்டேங்குது."

நாங்கள் ஓடினோம். கேட்டில் கௌரம்மா நின்றிருந்தார். தலையெல்லாம் தூறல். புடவையின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை சேறு. டப்பாவை முந்தானையால் நாலு சுற்றுச் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். டப்பாவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ரீ, ஒடம்புக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்லையே."

"தாலி கட்டறப்பவே மூணு முடிச்சும் விழுந்துச்சான்னு ரெண்டு தடவ எண்ணிப் பாத்த ஆளு நீங்க. இதை மறந்து வச்சுட்டுப் போயிருக்கீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

டேப்பண்ணா டைரியைத் தேடவில்லை. அது கம்ப்யூட்டர் ரூமில் விழுந்த இடத்தில் கிடந்தது.

"ஒன்னப் பாத்தேன். மறந்துபோச்சு" என்றார். பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி மளமளவென்று வந்தது. "பீரோவுல இனி டேப் கெடையாது கௌரி. ஒன் பொடவை எல்லாம் உள்ள வச்சுட்டேன். எது எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு ஞாபகம் வரல. கைக்கு வந்த மாதிரி வச்சுட்டேன். நீ வந்து மாத்தி வச்சுக்க."

செக்யூரிட்டி வானத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். கௌரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூறலைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

"மொதல்ல இந்தத் தூங்குமூஞ்சியைப் போய் எழுப்புங்க" என்றார்.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் அதுவரை யாருடைய வீட்டாரும் போனதில்லை. அன்று மேனேஜர் தடுக்கவில்லை. ஏ.சி.யில் கௌரம்மாவுக்கு நடுங்கியது. டேப்பண்ணா பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி அவர் மேல் போர்த்திவிட்டு இரண்டாவது டேப்பை மாட்டினார். டேப் சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பிரின்டர் தானாக உசும்பி, பாதிப் பெயர் ஒன்றின் மீதிப் பாதியை அடித்தது. திரையில் தேதி வந்தது.

கௌரம்மா குனிந்து பார்த்தார். "இது பழைய தேதியாச்சே?"

"டேப் எடுத்த சனிக்கிழமை. நீ ஊருக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்ன."

"அப்ப நாம சண்ட போட்டது இதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதுக்கு நீ இன்னும் மத்திகிரியிலதான் இருக்கற."

கௌரம்மா அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே தூறல் நின்று, மரங்களின் நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குள் நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

"குடுத்து வச்ச மெஷினு" என்றார் கௌரம்மா.

ஆனால் உள்மெஷினை அப்படியே விட முடியாது. தூங்கிய பதின்மூன்று நாளில் யார் வந்தார், யார் லீவு என்பதை எல்லாம் என் டைம் கார்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தால்தான் அது இன்றைய தேதிக்கு வந்து லிஸ்ட் போடும். டேப்பண்ணா வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனார். நான் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க கெளம்புங்கண்ணா. அஞ்சரை மணி டவுன் பஸ்ஸு இருக்குது. இதை நான் பாத்துக்கறேன்."

"ஒனக்கு இது வராதுப்பா. தப்புத் தப்பா அடிப்ப."

"தப்பா அடிக்கறேன். நீங்க போங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் இல்லாத டேப்பண்ணா குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே போனார். பாதி வழியில் பனி அவர்களை மறைத்துவிட்டது. நான் முதல் நாள் கார்டுகளை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தேன். விரல் வலித்தது. அந்த மனிதருக்காக இன்னும் ஒரு வருடத்துக் கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அடித்திருப்பேன்.